பல்கலைக்கழக ஊரைத் தெரிந்துகொள்வது எப்படி? கோலசிலாங்கூர் முதல் தஞ்சோங் மாலிம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தில் ஊர்ப்பெயர் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. வீட்டில் எழும் முதல் கேள்வி, “அங்கே என்ன இருக்கிறது?” கோலாலம்பூரில் வளர்ந்தவர்கள் உடனே சொல்லும் பதில், “ஒன்றும் இல்லை, செம்பனைதான்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை. செம்பனை இருக்கிறது. அந்தச் செம்பனையைப் பார்க்கத் தெரிந்தவருக்கு நூறாண்டுக் கதையும் இருக்கிறது. சிறிய பல்கலைக்கழக ஊர் ஒன்றில் முதன்முறையாகக் கால் வைக்கும் மாணவருக்கும், பெட்டி தூக்கிக்கொண்டு கூடவே வரும் பெற்றோருக்கும், வார இறுதியில் வட சிலாங்கூரைச் சுற்ற நினைப்பவருக்கும் இந்த வழிகாட்டி. சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தப் பக்கத்து ஊர்களை வளாகத்தின் வாசலிலிருந்து தொடங்கினால் புரியாது. தோட்டத்திலிருந்தும் ஆற்றிலிருந்தும் தொடங்க வேண்டும்.

## தொடங்கும் முன்: பல்கலைக்கழக ஊர் என்றால் எது?

வளாகம் இருக்கும் ஊரெல்லாம் பல்கலைக்கழக ஊர் ஆகிவிடாது. இந்த வகைக்குப் பேர் போனது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837இல் டெட்ராய்ட்டை விட்டு ஆன் ஆர்பர் என்ற சிற்றூருக்கு வந்தது. ஊரும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே வளர்ந்தன. 1862இல் வந்த மோரில் சட்டம், வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கியது. அதன் பிறகு சோளக்காட்டு நடுவிலேயே பல கல்லூரிகள் எழும்பின.

இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்றும் ஒரு காட்சி உண்டு. 1876இல் தொடங்கிய சோளச் சோதனை வயல், வளாகத்தின் நடுவே இருக்கிறது. 1969இல் அதன் பக்கத்தில் இளங்கலை மாணவர்களுக்கு நூலகம் கட்டியபோது, பயிரின்மேல் நிழல் விழக்கூடாதென்று கட்டடத்தை நிலத்துக்கு அடியில் கட்டினார்கள். பயிர் முதலில், புத்தகம் அடுத்து என்ற வரிசையை அந்த ஊர் மறக்கவில்லை.

நம் பக்கத்தில் சோளத்தின் இடத்தில் செம்பனை. ஆனால் இங்கே தோட்டம் முதலில் வந்தது, பல்கலைக்கழகம் பல தலைமுறை கழித்து வந்தது. ஆகவே ஓர் ஊரை எடைபோட இந்த மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

- வளாக வாசலிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்து போக முடியுமா?
- பருவ விடுமுறையில் மாணவர்கள் போன பிறகும் கடைகள் திறந்திருக்கின்றனவா?
- உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் படிக்கப் போகிறார்களா, வேலைக்கு மட்டும் போகிறார்களா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அதற்குக் கடைசியில் வருவோம்.

## படி 1: வரைபடத்தில் இரண்டு ஆறுகளைப் பிடியுங்கள்

வேஸ் செயலி சாலையை மட்டுமே காட்டும். வட சிலாங்கூரைப் புரிந்துகொள்ள ஆறுகளைப் பாருங்கள்.

முதலாவது சிலாங்கூர் ஆறு. பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாரு வழியாக இறங்கி, பெஸ்தாரி ஜெயாவைத் தொட்டு, கோலசிலாங்கூரில் கடலில் சேர்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ‘ஒன்றும் இல்லாத ஊர்’ என்று சொல்பவரின் வீட்டுக் குழாயில் வருவதும் அநேகமாக இந்தத் தண்ணீர்தான்.

இரண்டாவது பெர்ணம் ஆறு. சிலாங்கூருக்கும் பேராவுக்கும் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தஞ்சோங் மாலிம், இந்தப் பக்கம் உலு பெர்ணம். ஒரு பாலம்தான் இடைவெளி. இந்த ஆற்றின் நீரைக் கால்வாய் வழியாகத் திருப்பித்தான் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

எப்படிப் போவது: கோலாலம்பூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்கு இரயில் கிடையாது. கார் இருந்தால் 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து ஈஜோக் பக்கம் இறங்கலாம். தஞ்சோங் மாலிமுக்கு இரயில் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்குக் கொமியூட்டர் வடக்கே போய் நிற்கும் கடைசி நிலையம் அதுதான். ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். முதல் பயணத்தை இரயிலில் வையுங்கள், சன்னல் ஓரம் உட்காருங்கள். தோட்டம் எங்கே முடிந்து வீடமைப்பு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

## படி 2: வளாகத்துக்கு முன் பழைய ஊருக்குப் போங்கள்

பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007இல்தான் வந்தது. அதுவரை பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்களிடம் வழி கேட்டால் இன்றும் பழைய பெயரில்தான் பதில் வரும். நீங்களும் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரி தொடங்கும்.

இந்த ஊரை உருவாக்கியவை இரண்டு: ஈயமும் தோட்டமும். ஈயக்கப்பல்கள் மண்ணைத் தோண்டி அலசிய இடங்கள் இன்று பெரிய பெரிய குட்டைகளாகக் கிடக்கின்றன. வெறும் பள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். வறட்சிக் காலத்தில் ஆற்றில் நீர் குறையும்போது, இந்தக் குட்டைகளின் நீரை ஆற்றில் விட்டுக் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்: காலை ஏழு, எட்டு மணிக்குக் கடைத்தெருவில் இருங்கள். மளிகைக்கடை, மருந்துக்கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை, சீனக் காப்பிக்கடை, தமிழர் சாப்பாட்டுக்கடை எல்லாவற்றையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மாணவர் கூட்டம் எழுந்து வருவதற்கு முந்தைய நேரம் இது. ஊரின் சொந்த முகம் அப்போதுதான் தெரியும்.

என்ன செய்யக்கூடாது: குட்டைகளில் குளிக்க இறங்காதீர்கள். தோண்டிய பள்ளங்கள். கரையிலேயே ஆழம் தொடங்கிவிடும்.

## படி 3: செம்பனையை அருகில் நின்று பாருங்கள்

பெஸ்தாரி ஜெயாவை ஒட்டிய தெனாமாராம் தோட்டம் உலக வரலாற்றில் இடம் பிடித்த தோட்டம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் இங்கேதான் போட்டார்கள். போட்டவர் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயா வந்து, கோலசிலாங்கூர் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டவர். பிறகு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதினார். 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கொன்கூர் அதற்குக் கிடைத்தது. ஆக, இந்த மண் பல்கலைக்கழகம் வருவதற்கு வெகுமுன்பே ஓர் எழுத்தாளரை உருவாக்கி அனுப்பியிருக்கிறது. பரிசு வாங்கியவர் துரை. அவருடைய தோட்டத்தில் பிரட்டுக்கு நின்றவர்களில் பலர் தங்கள் கதையை எழுதி வைக்க எழுத்தறிவுகூட இல்லாமல் போனார்கள்.

தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ஆனால் சாலையோரத்தில் நின்றாலே வேலை தெரியும். அறுவடைக்காரர் கையில் நீளமான அலுமினியக் கழி, அதன் நுனியில் வளைந்த அரிவாள். மரத்தடியில் உதிர்ந்த பழம் கிடக்கிறதா என்று முதலில் பார்ப்பார். உதிரி கிடந்தால் குலை பழுத்துவிட்டது என்று பொருள். குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் இழுத்து அறுப்பார், அது சரசரத்து விழும். அடுத்து குலையின் காம்பில் அரிவாளை மாட்டி ஓர் இழுப்பு. இருபது கிலோ கனமுள்ள குலை மண்ணில் தொப்பென்று விழுந்து, ஆரஞ்சும் கருஞ்சிவப்புமாய்ப் பழங்கள் நாலாபக்கமும் சிதறும். பின்னால் வருபவர் அந்த உதிரிகளை ஒன்று விடாமல் சாக்கில் பொறுக்குவார், எண்ணெய் அதிகம் இருப்பது அவற்றில்தான். குலைகள் தாமதமில்லாமல் ஆலைக்குப் போயாக வேண்டும். கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும்.

இன்னொரு செய்தி. 1981 வரை இந்த மரங்களுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். அந்த வேலையில் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் மகரந்த வேலை முழுவதும் வண்டினுடையது. விளைச்சல் கூடியது, ஒரு தொழில் மறைந்தது. வேளாண்மையோ உயிரியலோ படிக்க வரும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது. தோட்டத்துப் பாட்டி யாராவது கிடைத்தால் கேளுங்கள், தூள் தூவிய கதையைக் கையசைவோடு சொல்வார்.

## படி 4: இப்போது வளாகத்துக்குள் போங்கள்

பெஸ்தாரி ஜெயாவில் இருப்பது யுனிசெல் எனப்படும் சிலாங்கூர் பல்கலைக்கழகம். 1999இல் தொடங்கப்பட்டது, மாநில அரசுக்குச் சொந்தமானது. ஷா ஆலாமிலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு. ஆகவே கடிதத்தில் எந்த வளாகம் என்று இரண்டு முறை பாருங்கள். ஒரே பல்கலைக்கழகம்தான், ஆனால் இரண்டு வாழ்க்கை. ஒன்று நகரம், இன்னொன்று தோட்டக்காட்டு ஊர்.

பதிவு நாளுக்கு முன்பே ஒரு முறை வந்து இவற்றைச் சரிபாருங்கள்:

- விடுதி இடம் எத்தனை பருவத்துக்கு உறுதி? அதன் பிறகு வெளியில் அறை தேட வேண்டுமா?
- அறையிலிருந்து வகுப்புக்கு நடக்க முடியுமா? மதிய வெயிலில் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.
- வார இறுதியில் உணவகம் திறந்திருக்குமா?
- கைப்பேசி இணைப்பு அறைக்குள் கிடைக்கிறதா?
- கல்விக் கட்டணத்துக்குப் பிடிபிடிஎன் கடன் விண்ணப்பம் எந்தத் தேதிக்குள்?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இன்னொரு பெரிய வளாகமும் உண்டு, புஞ்சாக் ஆலாமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யுஐடிஎம். அதன் இளங்கலை இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. சுற்றிலும் இருக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிப் பேருந்தில் போகும், உள்ளே படிக்க முடியாது. இந்தப் பக்கத்து ஊர்களைச் சுற்றிக்காட்டும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

## படி 5: சாப்பாட்டுக்கடையில் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள்

சிறிய ஊரில் செய்தி பரவும் இடம் கடைதான். வாடகை அறை, பழைய மோட்டார் சைக்கிள், தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சி, கோயில் திருவிழா எல்லாம் தே தாரேக் ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

ஒரே கடையில் மூன்று நேரத்தில் உட்கார்ந்து பாருங்கள். காலையில் தோசை, ரொட்டி சானாய். வாடிக்கையாளர் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். மதியம் சோறு, அலுவலர்கள், லாரி ஓட்டுநர்கள். இரவில் மாணவர்கள். ஒரு ரொட்டியும் ஒரு மைலோ ஐஸும் வாங்கிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்து மணிக்கணக்கில் இருப்பார்கள். முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மதிய நெரிசலில் நான்கு பேர் மேசையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பொறுமை போய்விடும்.

மரியாதைச் சொற்களில் கவனம் வையுங்கள். கடைக்காரர் வயதில் மூத்தவராக இருந்தால் “அண்ணே”, இன்னும் மூத்தவரென்றால் “மாமா”. பரிமாறும் அம்மாவை “அக்கா” என்றோ “ஆன்ட்டி” என்றோ கூப்பிடுங்கள். “மேடம்” என்று கூப்பிட்டால் நீங்கள் ஊருக்குப் புதுசு என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு விடையும் இந்தக் கடையில்தான் கிடைக்கும். “செமஸ்டர் லீவில் வியாபாரம் எப்படி அண்ணே?” என்று கேளுங்கள். “பாதியாகிவிடும்” என்பவர் மாணவரை நம்பியிருக்கிறார். “நமக்கு எப்பவும் போலத்தான்” என்பவரின் கடையைத் தாங்குவது தோட்டமும் பழைய ஊரும். கடைத்தெரு முழுக்க முதல் பதிலே வந்தால் பல்கலைக்கழகம் ஊரை மாற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

## படி 6: ஆறு கடலில் சேரும் ஊரில் ஒரு மாலை

முதல் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமையைக் கோலசிலாங்கூருக்கு ஒதுக்குங்கள். வரிசை இப்படி இருந்தால் நேரம் வீணாகாது:

பிற்பகல் – புக்கிட் மெலாவத்தி. கீழே சதுப்புநிலக் காடு, தொலைவில் மலாக்கா நீரிணை. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இருந்த குன்று இது. டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் அல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் திரும்பப் பிடித்துவிட்டார். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. குன்றில் திரியும் வெள்ளிமுடிக் குரங்குகள் சாந்தமானவை. நீளவால் குரங்குகள் அப்படியில்லை, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் – பாசிர் பெனாம்பாங். ஆற்றுக்கு அக்கரையில் மீனவர் கிராமம். மீன், இறால், நண்டு. விலை எடையில் இருக்கும். உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இருட்டிய பிறகு – கம்போங் குவாந்தான். பெஸ்தாரி ஜெயா போகும் சாலையிலேயே இருக்கிறது. சிறு சம்பானில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டு அழைத்துப் போவார்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். கண் பழகச் சில நிமிடம் ஆகும். பிறகு கவனித்தால் ஒரு மரத்திலுள்ள பூச்சிகள் ஒரே தாளத்தில் விட்டு விட்டு மின்னுவது தெரியும். மின்னி அழைப்பது ஆண் பூச்சி. நிலவில்லாத, மழையில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசி விளக்கு, கேமரா ஃபிளாஷ் இரண்டும் கூடாது.

இந்தப் பூச்சி கடல்நீரும் நன்னீரும் கலக்கும் கரையில்தான் வாழ முடியும். மேலே எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள், எவ்வளவு கரையை வெட்டிச் செம்பனை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே கீழே மின்மினியின் எண்ணிக்கை. குன்றிலும் ஆற்றிலும் பார்த்ததை வளாகத்தில் படிப்பதோடு இணைத்துப் பார்க்க இது நல்ல இடம்.

## படி 7: தோட்டத்து மனிதர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. தோட்டம் என்றால் மரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரப்பர் காலத்தில் தோட்டம் ஒரு முழு ஊராகவே இருந்தது. லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, பெரிய கிராணி வீடு, மேட்டில் துரை பங்களா என்று எல்லாம் உள்ளேயே இருந்தன. விடியுமுன் பிரட்டு, பிறகு பால்வெட்டு, பகலில் பால் நிறுவை.

பல தோட்டங்கள் கைமாறின, சில வீடமைப்பு ஆகின. இன்று செம்பனைக் குலை அறுப்பவர் பெரும்பாலும் இந்தோனேசியரோ வங்காளதேசியரோதான். தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. பெஸ்தாரி ஜெயா, புக்கிட் தாகார் பக்கம் மேரி, நைகல் கார்டனர், மின்யாக், புக்கிட் தாகார், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடியதை நாடே அறியும்.

ஆள் போனாலும் கோயில் போகவில்லை. ஆண்டுத் திருவிழாவுக்குக் காஜாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். “நீ எந்த லயம்?” என்று கேட்டுத்தான் உறவைப் பிடிப்பார்கள். தோட்டம் வெறும் மரமாகிவிட்ட இடத்தில் ஒரு நாளைக்கு ஊர் திரும்பி வந்து உட்காரும். அழைப்பு கிடைத்தால் கட்டாயம் போங்கள். அன்னதானத்தில் உட்காருங்கள், பரிமாற ஆள் தேவைப்பட்டால் வாளியைக் கையில் எடுங்கள். வாளி தூக்கியவரிடம் யாரும் “நீ யார்?” என்று கேட்பதில்லை.

## படி 8: பெர்ணம் பாலத்தைத் தாண்டி ஒரு நாள்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஊர் இருந்தால்தான் உங்கள் ஊர் தெளிவாகத் தெரியும். உலு பெர்ணம் தாண்டித் தஞ்சோங் மாலிமில் இறங்குங்கள். பல்கலைக்கழக ஊர் என்ற பெயருக்கு இந்த வட்டாரத்தில் முழுத் தகுதி உள்ளது இதற்குத்தான்.

1922 நவம்பர் 29ஆம் நாள் இங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்கான கல்லூரி. யோசனை ஆங்கிலேயக் கல்வி அதிகாரி வின்ஸ்டெட்டுடையது. கிராமத்துப் பிள்ளைக்குத் தோட்டவேலையும் கூடை முடைவதும் போதும் என்ற நினைப்பு அதில் இருந்தது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. மொழிபெயர்ப்புப் பிரிவு 1924இல் இங்கே வந்தது, ஸாபா போன்ற அறிஞர்கள் இங்கிருந்து மலாய் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் வளர்த்தார்கள், இங்கே படித்த இப்ராகிம் யாக்கோப் பிற்பாடு இளம் மலாயர் சங்கத்தைத் தொடங்கினார். கூடை முடைய அனுப்பப்பட்டவர்கள் அரசியல் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1923இல், தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலாய் ஆசிரியருக்குச் செங்கல் கட்டடம், இந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைக்குத் தகரக் கொட்டகை. பாடம் சொன்னது பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வட்டாரத்தின் கல்வி வரலாறு பாதி புரிந்துவிடும்.

கதை அங்கேயே நிற்கவில்லை. 1987இல் கல்லூரி கழகமானது, 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் படிக்கலாம். நாட்டின் தமிழாசிரியர்களில் பலர் இந்த ஊரில்தான் பாடம் எடுக்கக் கற்றார்கள்.

ஒரு நாள் திட்டம்:

1. காலை: இரயில் நிலையத்திலிருந்து பழைய கடைத்தெரு. 1926 முதல் இருக்கும் யிக் முன் கடையில் சுடச்சுட பாவ்.
2. முற்பகல்: பழைய வளாகம். சுலு புடிமான் கட்டடத்தையும் உள்ளே இருக்கும் தேசியக் கல்வி அருங்காட்சியகத்தையும் பாருங்கள். திறப்பு நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.
3. மதியம்: மாணவர்கள் சாப்பிடும் கடையில் சாப்பாடு. தமிழ் மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பேச்சுக் கொடுங்கள்.
4. பிற்பகல்: புரோட்டோன் சிட்டி பக்கம் உள்ள புதிய வளாகம்.

பழைய வளாகத்திலிருந்து ஊருக்குள் நடந்தே வரலாம், முதல் கேள்வி அங்கே தேறிவிடுகிறது. புதிய வளாகத்துக்கு வண்டி வேண்டும். ஆக நூறு ஆண்டு நடையில் இணைந்திருந்த ஊரும் கல்லூரியும் இப்போது மெல்ல விலகுகின்றன. பழைய கடைத்தெருக் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். அவருக்கு ஒரு கருத்து இருக்கும், அநேகமாகப் பலமான கருத்து.

அமைதியான ஊர் என்று நினைக்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். அவசரகாலத்தில், 1952 மார்ச்சில், ஊருக்கு அருகே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கியதில் அதிகாரிகளும் காவலர்களுமாகப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர் முழுவதற்கும் தண்டனை விதித்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீடும் குறைப்பு. பெரியவர்கள் வீட்டில் அந்த நாள்களின் பேச்சு இன்னும் இருக்கக்கூடும்.

## படி 9: முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

- முதல் வாரம்: பக்கத்துக் கிளினிக், காவல் நிலையம், பெட்ரோல் நிலையம் மூன்றும் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் நம்பகமான பட்டறை ஒன்று. தோட்டச் சாலையில் இரவில் விளக்கு குறைவு. குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் நெருங்கி ஓட்டாதீர்கள்.
- இரண்டாம் வாரம்: வெளியில் அறை எடுப்பதானால் முன்பணம், தண்ணீர், மின்சாரம் யார் கட்டுவது என்பதை எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை நல்ல மனிதரிடம்கூட மூன்றாவது மாதத்தில் மாறிவிடும்.
- மூன்றாம் வாரம்: இரவுச் சந்தை எந்தக் கிழமை என்று கேட்டுப் போங்கள்.
- நான்காம் வாரம்: பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

## புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு ஓடுவது. வெள்ளிக்கிழமை மாலை பேருந்தைப் பிடிப்பவருக்கு நான்கு ஆண்டு படித்தாலும் ஊர் தெரியாது. மாதத்தில் இரண்டு வார இறுதியாவது தங்குங்கள்.

கோலாலம்பூரோடு ஒப்பிடுவது. பேரங்காடி, திரையரங்கு என்று எண்ணத் தொடங்கினால் எந்தச் சிற்றூரும் தோற்றுப்போகும்.

தமிழ் நண்பர்கள் வட்டத்திலேயே அடைந்துகொள்வது. கிராமத்து மலாய்க் குடும்பத்தின் நோன்புப் பெருநாள் திறந்த இல்லத்துக்குப் போங்கள். சீனக் காப்பிக்கடை முதலாளியோடு பேசுங்கள். இந்த ஊர்களில் வயதானவர்கள் பலருக்கு மூன்று மொழியும் வாயில் வரும்.

தோட்டத்தைப் பாவமாகப் பார்ப்பது. அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் இரக்கம் தேவையில்லை. உங்கள் கணக்குப் பாட அறிவு அவர்கள் பிள்ளைக்குத் தேவைப்படலாம்.

## மூன்றாவது கேள்விக்குத் திரும்புவோம்

உள்ளூர்ப் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் படிக்கப் போகிறார்களா? தெனாமாராம் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குச் சில மைல் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தூரம் குறைந்ததால் மட்டும் வாசல் திறந்துவிடாது. எஸ்.பி.எம். கணக்கில் தேற வேண்டும், விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று சொல்ல ஒருவர் வேண்டும், ‘நம்ம பிள்ளையும் போகலாம்’ என்று வீட்டில் நினைக்க வேண்டும். மத்திய மேற்கின் ஊர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக விவசாயி மகனை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கியவை. நம் ஊர்களில் அந்த வேலை இன்னும் மீதியிருக்கிறது.

அதில் மாணவர் கைக்கு எட்டுவது உண்டு. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், நான்காம் ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஆறேழு பேருக்குக் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுங்கள். இடம் கோயில் மண்டபமாக இருக்கலாம், தமிழ்ப்பள்ளி வகுப்பறையாக இருக்கலாம். பருவத் தேர்வு வந்தாலும் நிறுத்தாதீர்கள், நீங்கள் பட்டம் வாங்கிப் போகும்போது அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அந்த ஆறேழு பேரில் ஒருவர் சில ஆண்டு கழித்து அதே வளாகத்தில் பதிவு எண் வாங்கி நின்றால், பெஸ்தாரி ஜெயாவையும் பல்கலைக்கழக ஊர் என்று தயங்காமல் சொல்லலாம்.